நீங்களே எழுதிய அசைன்மென்ட்டையும் ‘ஏஐ எழுதியது’ என்று சொல்லுமா?

சொல்லும். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை 7 ஏஐ கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதம் ‘ஏஐ எழுதியது’ என்றே வந்தது! அடுத்த சொல்லைச் சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்பது இவற்றின் கணக்கு. எளிய ஆங்கிலத்தில் எழுதுபவர்தான் மாட்டுவார். அதே ஆண்டு ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கருவியையே, துல்லியம் போதவில்லை என்று நிறுத்திவிட்டது.

அப்போ என்னதான் வழி? சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறது: கண்காணிப்புடன் நேரில் நடக்கும் தேர்வு ஒன்று, ஏஐ-யைத் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய வேலை இன்னொன்று.

நம்ம ஊருக்கு வைவா புதுசில்லை. ஆனால் வகுப்பில் 60 பேர், ஆளுக்குப் 10 நிமிடம் என்றாலே 10 மணி நேரம். அதற்கு ஆசிரியர்கள் வேண்டும். சாஃப்ட்வேர் வாங்குவது அதைவிடச் சுலபம்.