மெல்பேண் நகரின் கோப்பிக் கடைகள்

கோப்பி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது, வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்த தூளின் மணமே ஆகும். தடிமனுக்கு அதை மருந்தாக அருந்துகின்றோம். மரண வீட்டில் இரவு விழித்திருப்போருக்கு அதையே ஆறுதலாக வழங்குகின்றோம். அக்கோப்பி எங்கே விளைந்தது, யார் பறித்தனர், எவ்வாறு வறுத்தனர் என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்விகளுக்கு விடை சொல்வதையே தொழிலாகக் கொண்ட கடைகள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் உள்ளன. அவற்றைச் சிறப்புக் கோப்பிக் கடைகள் எனலாம். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலுள்ள அத்தகைய கடைகள் சிலவற்றை, என்னோடு ஒருகாலத்தில் கல்வி பயின்ற நண்பர் மூவருடன் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு கண்டவற்றையும் அறிந்தவற்றையும் இன்று விளக்க முற்படுகின்றேன்.

கோப்பி விளையாத நகரமொன்று கோப்பிக்குப் பெயர் பெற்றது எவ்வாறு? இதற்கு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றிருந்தது. மது விற்காத பெரிய தங்குவிடுதிகள் அப்போது எழுந்தன. அவற்றைக் ‘கோப்பி மாளிகைகள்’ என்றே அழைத்தனர். இன்று வின்ட்சர் ஹோட்டல் எனப்படும் கட்டடம் 1886 ஆம் ஆண்டில் அத்தகைய மாளிகையாக மாற்றப்பட்டதேயாம். ஆயினும் உண்மையான மாற்றம் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரே வந்தது. பிழைப்புத் தேடிக் குடியேறிய இத்தாலியர், தம் நாட்டு எஸ்பிரெசோ இயந்திரத்தையும் உடன் கொண்டுவந்தனர். பேர்க் வீதியில் 1954 இல் திறக்கப்பட்ட பெலகிரினிக் கடை அவ்வாறு தோன்றிய முன்னோடிக் கடைகளுள் ஒன்று. வந்தேறியவரின் பானம் ஒரு தலைமுறைக்குள் நகரின் பானமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கு வந்த அமெரிக்கப் பெருநிறுவனமான ஸ்டார்பக்ஸ், 2008 இல் தன் கடைகளுள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை மூட நேர்ந்தது. உள்ளூர்ச் சிறுகடைகளில் மக்கள் கொண்ட பற்று அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

இனி, ‘சிறப்பு’ என்ற சொல்லின் பொருளைக் காண்போம். இது வெறும் விளம்பரச் சொல் அன்று. 1974 இல் ஏர்னா நுட்சன் என்ற கோப்பி வணிகப் பெண்மணியால் வழக்குக்கு வந்த இச்சொல்லுக்குப் பின்னர் அளவுகோலும் வகுக்கப்பட்டது. அதன்படி, தேர்ந்த சுவைஞர்கள் கோப்பியைச் சுவைத்து நூற்றுக்குப் புள்ளியிடுவர். 80 உம் அதற்கு மேலும் பெறுவதே சிறப்புக் கோப்பி. சுவைக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ஏறத்தாழ 8 கிராம் தூளுக்கு 150 மில்லிலீற்றர் நீர்; நீரின் வெப்பம் 93 பாகை சென்ரிகிறேட் அளவு. நான்கு நிமிடம் கழித்து மேலே படர்ந்த தூளைக் கரண்டியால் விலக்கி மணத்தை நுகர்வர். பின்னர் ஒரு கரண்டியை ஓசையெழ உறிஞ்சுவர். அவ்வாறு உறிஞ்சும்போது கோப்பி துளிகளாகச் சிதறி நாவெங்கும் பரவுவதோடு, அதன் மணம் மூக்கினுள்ளும் ஏறுகின்றது. நம் வீடுகளில் பிள்ளைகளைக் கண்டிக்கும் செயல் அங்கே ஒரு கலையாகப் போற்றப்படுவதைக் கண்டு நாங்கள் நகைத்தோம்.

எங்கள் குழுவிலிருந்த கணித ஆசிரியர், மூன்று கரண்டி சீனியின்றிக் கோப்பியைத் தொடாதவர். கடைக்காரர் அவருக்கு எத்தியோப்பியக் கோப்பியிலேயே இருவகையைச் சீனியின்றி வைத்தார். ஒன்று, பழத்தின் தோலையும் சதையையும் அகற்றிக் கழுவி உலர்த்திய கொட்டை. மற்றொன்று, பழத்தை முழுமையாகவே வெயிலில் உலர்த்திப் பின் உடைத்தெடுத்த கொட்டை. முன்னது தெளிந்த புளிப்பும் பூமணமும் உடையது. பின்னது கனிந்த பழத்தின் இனிமை உடையது. சதையோடு உலரும்போது நிகழும் நொதித்தலே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். “இதற்குச் சீனி எதற்கு?” என்று நண்பர் தாமே கேட்டுக்கொண்டார். கருக வறுத்த தூளின் கசப்பை மறைக்கவே நாம் சீனியை நாடுகின்றோம் என்பதும், அளவோடு வறுத்தால் கொட்டையின் இயல்பான சுவை நிலைக்கும் என்பதும் அவருக்கு அங்கு விளங்கின.

எஸ்பிரெசோவின் இயக்கமும் அறியத்தக்கது. 18 முதல் 20 கிராம் வரையான நுண்ணிய தூளினூடாக, வளிமண்டல அமுக்கத்தின் ஒன்பது மடங்கு அமுக்கத்தில் வெந்நீர் செலுத்தப்படுகின்றது. 25 முதல் 30 செக்கன்களுக்குள் சாறு இறங்கிவிட வேண்டும். விரைந்து இறங்கினால் புளிக்கும், தாமதித்தால் கசக்கும். ஆதலால் கடைக்காரர் நாளில் பலமுறை அரைவையின் நுண்மையைத் திருத்துகின்றார்.

லிற்றில் பேர்க் வீதியில் ஒரு சிறு கடை. நாங்கள் சென்றபோது அதன் கூரையிலிருந்து கதிரைகள் பல தலைகீழாகத் தொங்கின. அவற்றினும் வியப்பளித்தது கடையின் பெயரே: ‘சகோதரர் பாபா புடான்’. பதினேழாம் நூற்றாண்டில் ஹஜ் யாத்திரை சென்று திரும்பிய இச்சூஃபிப் பெரியார், யெமனிலிருந்து ஏழு கோப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து மைசூர்ப் பகுதி மலையில் நட்டார் என்பது மரபு. அம்மலை இன்றும் பாபா புடான் கிரி என்றே வழங்குகின்றது. தென்னிந்திய மலையொன்றின் பெயரைத் தெற்குக் கடலோர நகரில் வாசித்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

நண்பர்களுடன் இவ்வாறு செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நால்வர் சென்றால் இரண்டு கோப்பை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். இடையிடையே தண்ணீர் அருந்துங்கள். பால் சேர்த்தவற்றை இறுதிக்கு வையுங்கள். நலமுள்ள வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை தீங்கில்லை என்பர். ஆயினும் நான்கு கடைகளே ஒரு நாளுக்குப் போதும்.

நேயர்களே, அக்கடைகளில் கோப்பையோடு ஒரு சிறு அட்டையும் தருகின்றனர். நாடு, மலை, உயரம், பதனிட்ட முறை ஆகியவற்றோடு, பயிரிட்டவரின் பெயரும் அதில் இருக்கும். எங்களுடன் வந்த நண்பரொருவர் மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவர் அந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் காரணத்தை நாம் அறிவோம். தேயிலைக்கு முன்னர் இலங்கையின் செல்வம் கோப்பியாகவே இருந்தது. 1878 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அதைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பலர். 1869 இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அக்கோப்பியை இருபதாண்டுக்குள் அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. துரைமாரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. தோட்டங்களின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பறித்த கைகளுக்குரியோரின் பெயர் எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை.

பெயர் எழுதுவதால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. சிறப்புக் கோப்பிக்கு உயர்ந்த விலை கிடைப்பினும், அதில் எப்பங்கு தோட்டத்தைச் சேர்கின்றது என்பதை வாங்குவோர் கேட்டறிதல் வேண்டும். ஆயினும் பெயரறிந்த ஒருவருக்கு அநீதி இழைப்பது, பெயரற்ற கூட்டத்துக்கு இழைப்பதைப் போல எளிதன்று. சுவை நாவோடு நின்றுவிடாது, உழைத்தவரை நினைக்கும் உள்ளத்துக்கும் எட்டுமாயின், ஒரு கோப்பைக்கு நாம் கொடுக்கும் விலைக்குப் பொருளுண்டு. நாளைக் காலையில் உங்கள் கைக்கு வருவது கோப்பியாயினும் தேநீராயினும், அது யார் கைப்பட்டு வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பருகுங்கள்.