கோழிக்குஞ்சைக் கொல்வது குளிர்தான்!

சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதை மும்பைத் தமிழர் பலரும் பார்த்திருப்பார்கள். குழந்தை அடம் பிடிக்கும். அப்பா வாங்கிக் கொடுப்பார். மூன்றாம் நாள் குஞ்சு செத்துக் கிடக்கும். "சாயம் விஷமாகிவிட்டது" என்பார் ஒருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் இன்னொருவர். பல வீடுகளில் உண்மையான காரணம் குளிர்தான்.

மும்பையில் ஏது குளிர் என்று கேட்கலாம். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஜனவரி இரவுகளில் இங்கே 65 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் கீழே இறங்குவது உண்டு. மழைக்காலத்தில் ஈரக்காற்று வேறு. இறகு முளைக்கும் வரை, ஏறத்தாழ மூன்று வாரம், குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது.

தாயின் வேலை

ஊரில் இந்தக் கவலை இல்லை. அடைக்கோழி சிறகை விரித்து அத்தனை குஞ்சுகளையும் அணைத்துக்கொள்ளும். இரவில் மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் போதும். ஆனால் பண்ணைக் குஞ்சு, 21 நாள் இயந்திரத்துக்குள் இருந்து பொரித்தது. தாயைக் கண்டறியாதது. அந்தத் தாயின் வேலையைச் செய்வதுதான் புரூடர்.

இதற்குப் பெரிய செலவில்லை. 20 குஞ்சுகளுக்கு இரண்டரை அடி நீளமும் அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள அட்டைப்பெட்டி போதும். அடியில் இரண்டு அங்குலம் நெல் உமி அல்லது மரத்தூள் பரப்ப வேண்டும். வெறும் செய்தித்தாள் வழுக்கும். கால் விரிந்து குஞ்சு முடமாகும்.

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது கணக்கு. 20 குஞ்சுகளுக்கு 40 வாட் குண்டு பல்பு. இரவும் பகலும் எரிந்தாலும் நாளுக்கு ஒரு யூனிட்தான் ஆகும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். போதிய சூடு தராது. பல்பைப் பெட்டியின் ஒரு பக்கமாகத் தொங்கவிட வேண்டும். சூடு அதிகமானால் குஞ்சு விலகி நிற்க மறுபக்கம் வேண்டும்.

குஞ்சே சொல்லும்

வெப்பமானி இல்லையா? குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, விடாமல் கத்தினால் குளிர்கிறது, பல்பைத் தாழ்த்துங்கள். விலகி ஓடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், உயர்த்துங்கள். எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தும் படுத்தும் இருந்தால் சரியான சூடு. வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரலாம். மே மாதப் பகலில் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பல்பே தேவைப்படாமல் போகலாம். இரவில் மறக்கக் கூடாது.

எச்சரிக்கை

ஒற்றை அறை வீட்டில் நெருப்பைப் பற்றிய பயம் முதலில் வேண்டும். பல்பு அட்டையையோ உமியையோ தொடக் கூடாது. ஒயரை நம்பாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். கரிச்சட்டியை மூடிய அறையில் வைக்கவே கூடாது. அதன் நச்சுப்புகை குஞ்சோடு மனிதரையும் கொல்லும்.

மும்பையில் மின்சாரம் நிற்காது என்றும் இருந்துவிட முடியாது. 2020 அக்டோபர் 12 அன்று மாநகரமே மின்சாரமின்றித் தவித்தது. அப்படிப்பட்ட வேளையில் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். மேலே சாக்கைப் போட்டு, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

குஞ்சைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முறையாகக் கற்க விரும்புவோருக்கு, கோரேகாவ் ஆரே பால் காலனியில் மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிலையம் உண்டு.

மூன்று வாரம் பல்பு எரிக்க வசதியில்லாதவர்கள், குழந்தை எவ்வளவு அழுதாலும் கூடைக்காரரைத் தாண்டிப் போய்விடுவதே நல்லது. அழுகை அரை மணியில் அடங்கிவிடும்.