பழம்பட்டின் மதிப்பு எடையிலா, நெசவிலா?

புணே நகரின் மேற்கே, ஹிஞ்சவாடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அடுத்துள்ளது வாகட். பணியின் பொருட்டு இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. ஊரிலுள்ள பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது, பாட்டியின் பீரோவிலிருந்த பட்டுப்புடவைகள் இத்தகைய குடும்பங்களின் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதே கேள்வி.

மேலைநாடுகளில் ஒருவர் மறைந்தபின் அவரது உடைமைகளை வீட்டிலேயே விலைகூறி விற்பதுண்டு. பழைய ஆடைகளை விரும்புவோர் அங்கே தேடிச் செல்வர். நம் நாட்டில் அவ்வழக்கம் பரவவில்லை. இங்கே பழந்துணி பாத்திரக்காரரிடமோ சந்தைக்கோ போய்ச் சேர்கிறது. புணேயின் மங்கள்வார் பேட்டையில் புதன், ஞாயிறு ஆகிய நாள்களில் கூடும் ஜூனா பஜார் அத்தகைய சந்தை. பழைய நாணயம், பித்தளைப் பாத்திரம், கடிகாரம் எனப் பலவும் அங்கே தரையில் விரிக்கப்பட்டிருக்கும்.

பட்டுப்புடவைக்கு மற்றொரு வழியும் உண்டு. சரிகைக்காகப் புடவை வாங்கும் வணிகர், அதை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பர். காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டு வரையறைப்படி சரிகையில் 40 சதவீதம் வெள்ளியும் 0.5 சதவீதம் தங்கமும் இருத்தல் வேண்டும். ஒரு புடவையில் 150 கிராம் சரிகை இருப்பதாகக் கொண்டால், வெள்ளி 60 கிராம். தங்கம் முக்கால் கிராம். அன்றைய சந்தை விலையால் இதைப் பெருக்கிப் பார்த்தால், வணிகர் கூறும் விலை நியாயமானதா என்பது விளங்கும். ஆனால் இக்கணக்கில் நெசவாளரின் உழைப்பு சேர்வதில்லை.

அவ்வுழைப்பைக் கண்டறியச் சில அடையாளங்கள் உள. உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்யப்படுவது கோர்வை. இணைப்பைப் புடவையின் பின்புறத்தில் காணலாம். மகாராஷ்டிரத்தின் கைத்தறிப் பைத்தணியில் முந்தானையின் இருபுறமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சரிகையை மெல்லச் சுரண்டும்போது உள்ளே சிவந்த பட்டிழை தெரிவது அசலுக்கான வழக்கமான அடையாளம். எனினும் கருவிவழிச் சோதனையே உறுதி தரும்.

புணேயைச் சேர்ந்த தினகர் கேள்கர், 1920ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி விளக்கு, பாக்குவெட்டி, கதவு முதலிய வீட்டுப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இளமையில் மறைந்த மகன் ராஜாவின் பெயரால் அவை இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கின்றன. உலோக விலைக்கு விற்கப்பட்டிருந்தால் அவற்றுள் பல எஞ்சியிரா.

புடவையை வைத்துக்கொள்ள விரும்புவோர், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். அந்துருண்டையும் வாசனைத் திரவியமும் சரிகையில் படலாகாது. விற்க விரும்புவோர், முதலில் உடன்பிறந்தாரிடம் கேட்டறிதல் நன்று. பின்னர் நிறையைக் குறித்துக்கொண்டு, இருவரிடமேனும் விலை விசாரித்து, ரசீது பெறுக. விற்ற புடவையை ஒருவேளை மீட்டு வாங்கலாம். எரித்த புடவையை எவராலும் மீட்க இயலாது.