கூரைக்குள் ஒளிந்திருக்கும் 1400-களின் கோதுமை வயல்! தெரியுமா?

பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தானே புதிதாக வேய்வார்கள்? இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக் கிராமங்களில் அப்படி இல்லை! மேலே மட்கிய கோதுமைத் தாளை மட்டும் சீவி எடுத்துவிட்டு, அதன் மேலேயே புதுத் தாளைப் பரப்பி, முறுக்கிய ஹேசல் மரக் குச்சிகளால் குத்தி இறுக்கிவிடுவார்கள். தாத்தா வேய்ந்ததன் மேல் அப்பா, அதன் மேல் மகன் என்று ஏறி ஏறி, சில வீடுகளில் கூரையின் கனமே ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டது. அப்படியானால் அடியில் இருப்பது? 500 வருடங்களுக்கும் முன்னால் வேய்ந்த அதே தாள்!

அது எப்படி மட்காமல் இருக்கிறது என்கிறீர்களா? அந்தக் காலத்து வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரியும். புகை மேலேறி, கூரைத் தாளுக்குள் புகுந்து கசிந்து வெளியேறும். தலைமுறை தலைமுறையாகப் புகை குடித்த தாள் கரியாகக் கறுத்தது. பூச்சியும் அண்டவில்லை, பூஞ்சையும் அண்டவில்லை. பிறகு புகைபோக்கி வந்தது. கூடத்துக்கு மேலே தளம் போட்டு மூடினார்கள். கறுத்த கூரை இருட்டில் அப்படியே தங்கிவிட்டது.

தாவர ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தால், கதிர், உமி, களைச்செடியின் விதைகூட உருக்குலையாமல்! இன்றைய இங்கிலாந்து வயல்களில் காணக் கிடைக்காத கோதுமை வகைகள் அதில் உண்டு. அன்றைய குடியானவன் எதை விதைத்தான் என்பதற்கு எந்த ஏட்டையும்விட இதுவே நல்ல சாட்சி என்பேன். (குப்பையென்று அள்ளிக் கொட்டப்பட்டது எத்தனையோ!)

கோதுமைத் தாள் மட்டுமல்ல, இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலத்து நாணலாலும் வேய்வார்கள். அந்த நாணல் கூரை 50 வருடம்கூடத் தாங்கும் என்பது தெரியுமா? ரகசியம் சரிவில்: சுமார் 50 டிகிரி. தண்ணீர் ஊறுவதற்குள் வழிந்துவிடும். இறவாரத்தை வெளியே நீட்டிவிடுவதால் சுவரும் நனையாது. நனையவும் கூடாது! டெவனில் பல சுவர்கள் களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து எழுப்பியவை.

இன்னொரு வேடிக்கை: இன்றைய அறுவடை இயந்திரம் தாளை நசுக்கிவிடும். அதனால் கூரைக்காகவே நெட்டைக் கோதுமை ரகங்களைப் பயிரிட்டு, பழைய கட்டுக் கட்டும் இயந்திரத்தால் அறுக்கிறார்கள்!

நெருப்பு பயம்? லண்டன் 1212-லேயே இந்தக் கூரைகளுக்குத் தடை போட்டது. 1613-ல் நாடகத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி பட்டு, ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கின் கூரை பற்றி, அரங்கமே சாம்பல். ஒருவரின் கால்சட்டையிலும் தீ. பீரை ஊற்றி அணைத்தார்களாம்! 1997-ல் திறந்த புதிய குளோபுக்கு மறுபடி நாணல் கூரை. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதி பெற்ற, தாளாலோ நாணலாலோ வேய்ந்த முதல் கூரை அதுதான்.

பழைய கூரை வீடு ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமா? இங்கிலாந்தின் சசெக்ஸில், ஆல்ஃப்ரிஸ்டன் ஊரில் 14-ஆம் நூற்றாண்டுக் கூரை வீடு ஒன்றை 1896-ல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கிய விலை வெறும் 10 பவுண்ட். அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமும் அதுவே. அங்கே போனால் கூரையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தரையையும் குனிந்து பாருங்கள்: சீமைச் சுண்ணாம்புக் கல்லை இடித்து, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை!