பழந்தாளத்தின் பெறுமதி

காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்த அளவெட்டியும் மங்கல இசை வளர்ந்த இடங்கள். அவ்விசைக்குக் கால அளவு காட்டுவது கைத்தாளம். 1990-இல் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது பழம்பொருள்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றையேனும் பழைய உலோகமென்று நிறைக்கு விற்றுவிடலாகாது.

தாளத்தைக் கயிற்றிற் பிடித்து, விளிம்போடு விளிம்பை மெல்லத் தட்டுக. ஓசை நெடுநேரம் நின்று தேய்ந்தால் அது நல்ல வெண்கலம். விரைவில் அடங்கினால் பித்தளையாகவோ, வெடிப்புற்றதாகவோ இருக்கலாம். விளிம்பையும் நடுத்துளையையும் நகத்தால் தடவிப் பார்க்க. 1623-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் தொழில் தொடங்கிய சில்ஜியன் குடும்பத்தாரின் சிறந்த தாளங்களும் வெண்கலமே: செம்பு ஏறத்தாழ 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு.

சோடியில் ஒன்று இரும்பாயிருந்தால் பொருந்தாததென்று எறியவேண்டா. நட்டுவாங்கத் தாளம் அவ்வாறே அமைவது. புளியிட்டு அழுத்தித் தேய்க்கவும் வேண்டா; பழமையின் நிறமும், பொறித்த எழுத்து இருப்பின் அதுவும் மறைந்துவிடும்.

விற்க எண்ணுவோர் முதலில் ஊர்த் தவில் வித்துவான் ஒருவரிடம் அதைத் தட்டிக் காட்டுவாராக. உருக்கியபின் அந்த நாதம் மீளாது.