கூட்டுச் செய்நிரலாக்கத்திற் பொது வடிவ விதிகள்: வன்னிப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தோர் எதிர்கொண்ட சிக்கல்களுள் வடிவம் பற்றியதும் ஒன்று. ஏடுகளிற் பெரும்பாலும் புள்ளியில்லை; சொல்லுக்குச் சொல் இடைவெளியுமில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் இவற்றையெல்லாம் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர் ஒருவராயின் அவர் தீர்மானமே முடிவாகும். பலர் கூடி ஒரே பிரதியை ஒரே காலத்தில் எழுதுவாராயின் வடிவத்தைத் தீர்மானிப்பவர் யார்? கணினிச் செய்நிரல் எழுதுவோரிடையே இன்று அன்றாடம் எழும் இவ்வினாவைத் தமிழியலுக்குப் புறம்பானதென நாம் கருதவில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய இடங்களிற் கணினி பயிலும் மாணவர் நால்வர், குளத்து நீர் வழங்கற் கணக்கைப் பேணும் மென்பொருளொன்றைக் கூட்டாக ஆக்குவதாகக் கொள்வோம். ஒருவர் வரியை உள்தள்ள டாப் விசையை அழுத்துகிறார்; மற்றவர் நான்கு வெற்றிடங்களை இடுகிறார். மூன்றாமவரின் எழுதுகருவியோ கோப்பைச் சேமிக்குந்தோறும் எல்லா வரிகளையும் தன் போக்கில் மீள ஒழுங்குபடுத்துகின்றது. அவர் திருத்தியது ஒரே வரி. மாற்றப் பதிவிலோ முந்நூறு வரிகள் மாறியதாகக் காணப்படும். நான்காமவர் அம்முந்நூறையும் படித்தே அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். வீணாவது அவருடைய உழைப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இன்னும் தொல்லை தருவன. தட்டச்சுப்பொறியில் ஒரு வரி முடிந்தால் இரண்டு செயல்கள் வேண்டும்: வண்டியை வரித் தொடக்கத்துக்குத் தள்ளுதல், தாளை ஒரு வரி உயர்த்துதல். விண்டோஸ் இவ்விரண்டையும் இரு குறிகளாக இன்றும் பேணுகின்றது; யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் ஒரு குறியுடன் அமைகின்றது. வழக்கொழிந்த ஒரு பொறியின் பழக்கம் அதைக் கண்டிராத மாணவரின் கோப்புகளுக்குள் இருந்து தொல்லை தருகிறது. இறந்த உழைப்பு பற்றி மார்க்ஸ் எழுதியதற்கு இத்தகையதோர் எடுத்துக்காட்டை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

தமிழுக்கென்றே உரிய சிக்கலும் ஒன்றுண்டு. ‘கொக்கிளாய்’ என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒருவகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றையது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் பதிந்த ஊரை மற்றவரின் தேடல் காணாது. பாமினி எழுத்துருவிற் தட்டிய பழைய பட்டியல்களின் நிலை இதனினும் மோசம். அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கின்றன.

தீர்வு ஒரு சிறு கோப்பிலிருந்து தொடங்குகின்றது. எடிட்டர்கான்ஃபிக் என வழங்கும் அமைப்புக் கோப்பைத் திட்டத்தின் மூல அடைவில் வைத்தால், உள்தள்ளல் யாது, வரிமுடிவுக் குறி யாது, எழுத்துக் குறியீட்டு முறை யாது என்பவற்றை அதனை ஆதரிக்கும் எழுதுகருவிகள் அதிலிருந்தே அறிந்துகொள்ளும். வரிகளை மீள ஒழுங்குபடுத்தும் வேலையைப் பைதனில் பிளாக், ஜாவாஸ்கிரிப்டில் பிரிட்டியர் போன்ற கருவிகளிடம் விடலாம். இங்கு பலரும் தவறவிடுவது யாதெனின், கருவியின் பதிப்பெண்ணையும் திட்டத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். ஒரே கருவியின் இரு பதிப்புகள் ஒரே வரியை இருவிதமாக மடிக்கக்கூடும். பழைய பூசல் மீண்டும் தொடங்கும். மேற்கூறிய ஒகரச் சிக்கலை இக்கருவிகள் தாமாகத் தீர்ப்பதில்லை. தமிழ்ச் சொற்களை ஒரே சேமிப்பு வடிவுக்கு மாற்றும் படியொன்றைக் குழுவினர் தனியே சேர்த்தல் வேண்டும்.

இனி, விதியை இயற்றுவது யார்? வன்னி வாசகருக்கு இதனை விளக்க இரணைமடுவே போதும். காலபோகத்துக்கு முன்னர்க் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பின் இறுதி நாள், நீர் திறக்கும் நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் நாள் ஆகியன முடிவாகின்றன. இரண்டு நாள் முந்துவதோ பிந்துவதோ பெரிதன்று. ஒரே வாய்க்காலை நம்பியோர் ஒரே நாளுக்கு உடன்படுவதே பெரிது. ஆயினும் நாள் எவருக்கும் நடுநிலையானதன்று. சொந்த உழவு இயந்திரம் உடையவருக்கு வாய்ப்பான நாள், வாடகை இயந்திரத்துக்குக் காத்திருப்பவருக்கு வாய்ப்பாக அமையாது. 1958ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியதன் பொருளை நாம் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

செய்நிரல் விதியும் அத்தகையதே. கூகுள் நிறுவனத்துப் பொறியியலாளர் ஆக்கி 2009இல் வெளியிட்ட கோ மொழி, வடிவமைக்கும் கருவியைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. அதிற் பயனர் தெரிவுசெய்ய ஏறக்குறைய எதுவுமில்லை. பூசல் ஒழிந்தது உண்மை. ஒழித்த முறை, கூட்டத்தைக் கூட்டாமலே நாளை அறிவித்த முறை. வரி நீளம் எண்பதா நூறா என்பதற்காக நாம் எவரோடும் வாதிடமாட்டோம். உள்தள்ளல் அத்தகையதன்று. டாப் குறியாயின் அதன் அகலத்தை ஒவ்வொருவரும் தம் திரையில் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம். வெற்றிடங்களாயின் எழுதியவர் இட்ட அகலமே எல்லோருக்கும். பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கு இவ்வேறுபாடு வேலை செய்வதற்கும் செய்ய இயலாமைக்கும் இடைப்பட்டது. அவர் கூட்டத்தில் இல்லாதபோது எடுத்த முடிவை ‘பொது விருப்பு’ என்பது பொருந்தாது.

நடுவழியில் விதியை ஏற்கும் குழு இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிவுமுறை ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் பெயரைக் காட்டும். ஒருவர் ஒரே இரவில் முழுத் திட்டத்தையும் புதிய வடிவுக்கு மாற்றினால், மூன்று மாதம் மூவர் எழுதிய வரிகள் பெரும்பாலும் அவர் பெயரிலேயே தோன்றும். மாணவர் பங்களிப்பை இப்பதிவைக்கொண்டு மதிப்பிடும் இடத்தில் இது புள்ளிகளைத் தொடும் விடயம். எனவே எல்லோரும் தத்தம் வேலையைச் சேர்த்து முடித்த ஒரு நாளை முன்கூட்டியே குறித்து, வடிவ மாற்றத்தை வேறெந்தத் திருத்தமும் கலவாத தனிப் பதிவாகச் செய்தல் வேண்டும். 2019இல் வெளிவந்த 2.23ஆம் பதிப்பு முதல், இத்தகைய பதிவுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், கிட் அவற்றைக் கடந்துசென்று வரியை முன்னர் எழுதியவரையே காட்டவல்லது. கடந்துசெல்லுமாறு ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒருமுறை பணித்தல் வேண்டும். கோப்பு அங்கிருப்பது மாத்திரம் போதாது.