வழக்கு முடிந்துவிட்டது, பதிவு போய்விடுமா?

புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடி திருவிழாவில் இரு தரப்புக்குத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். எஃப்.ஐ.ஆரில் ஏழு பேர் பெயர். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவைக்கிறார்கள். புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, “யார் அடித்தார்கள் என்று தெரியாது” என்கிறார். ஏழு பேருக்கும் விடுதலை. பிறகு அவர்களில் ஒரு பையன் காவலர் தேர்வில் தேறுகிறான். முன்நடத்தை விசாரணையில் அந்தப் பழைய வழக்கு வந்து நிற்கிறது.

விடுதலை ஆனவனுக்கு ஏன் இந்தத் தடை? சாட்சி பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ கிடைத்த விடுதலையை, தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14 முழு விடுதலையாக ஏற்பதில்லை. வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதச் சொல்கிறது.

பதிவையே அழித்துவிட முடியாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல தண்டனைகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காலாவதியானவை ஆகிவிடும். இந்தியாவில் பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. வழக்கு எப்படி முடிகிறது என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதிவின் பாதிப்பு குறையும்படி வழக்கை முடிக்க உள்ள வழிகள் இவை.

எஃப்.ஐ.ஆர் ரத்து. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 528இன் கீழ் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம். 2024 ஜூலைக்கு முன்பு இதே அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482ஆவது பிரிவில் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தார் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு போட வேண்டும். தனிப்பட்ட தகராறில் இரு தரப்பும் சமரசமானால் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

நீதிமன்றத்தில் சமரசம். அதே சன்ஹிதாவின் பிரிவு 359இல் பட்டியலிட்டுள்ள குற்றங்களை வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே முறைப்படி சமரசம் செய்துகொள்ளலாம். சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஊரில் பேசி முடித்துவிட்டுச் சாட்சியைப் பிறழவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அரசு திரும்பப் பெறுதல். போராட்ட வழக்குகளை நீதிமன்ற ஒப்புதலோடு அரசு வழக்கறிஞர் திரும்பப் பெறலாம். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளும் ஊரடங்கு மீறல் வழக்குகளும் திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது.

நன்னடத்தைச் சட்டம், 1958. குற்றம் நிரூபணமானாலும், கண்டித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் வரும் சட்டத் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12ஆவது பிரிவு. பதிவு மட்டும் இருக்கும்.

சிறார். உண்மையிலேயே பதிவை அழிக்கச் சொல்லும் சட்டம் இங்குதான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 24ஆவது பிரிவின்படி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழிக்க வேண்டும். கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. சம்பவத்தன்று வயது என்ன என்பதே கணக்கு. அதனால் பிறப்புச் சான்றிதழ் பத்திரம்.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பு வேறு சிக்கல். விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகக் காத்திருப்பவர்கள் கவனிக்க: நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஆனால் 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவைக் காட்டிப் பெறவும் முடியும். வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கி, ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். காவல் துறையே வழக்கைக் கைவிட்டிருந்தால் அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ் நோட்டீஸைத் தொலைத்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். சாதாரண வழக்கைச் சொன்னவரை அதிகாரி பரிசீலித்து ஏற்க இடமுண்டு. மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கும். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் சாரம் இதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு, அலைச்சல் மிச்சம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஐந்நூறு ரூபாய் அபராதமானாலும் அது தண்டனைத் தீர்ப்பு. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது புதுக்கோட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பது சட்டம் தந்த உரிமை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.